வீடு தெரியாத படம்

“வீடு எங்கடா? நான் கேக்கிறது ஒண்டுதான். என்ட வீடு எங்க?”

“இரிக்கு மாமா. பின்னால இரிக்கு. வடிவாப் பாருங்க.”

“பின்னால கஞ்சி ஊத்தின மாதிரி ஒரு வெள்ளை இரிக்கு. அதுக்குள்ள பச்சையா ரெண்டு பொட்டு. அது என்ன?”

“அது உங்கட யன்னல்.”

“பாலை மரத்துல செய்விச்ச யன்னல்டா அது! அதப் பாசியாக்கிப் போட்டியே, பாவி!”

நான் வேலியடிக்கு வந்தது கறிவேப்பிலை ஆயத்தான். சத்தம் தானாகவே காதில் விழுந்தது. பக்கத்து வீட்டு நல்லரத்தினம் சத்தம் போட்டால் பெரியகல்லாற்றில் எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் கேட்கும்; நான் கொஞ்சம் கிட்ட நின்றதால் கொஞ்சம் கூடக் கேட்டது. அவர் பிரதேச சபையில் வீதி, மதகு வேலைகளை மேற்பார்த்த தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை டீ.ஓ. என்றுதான் கூப்பிடுகிறது. அவருக்கு முன்னால் கறுப்புக் கமரா ஒன்றைப் பச்சைப் பிள்ளையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு நின்றவன் அவருடைய தங்கச்சி மகன் தனோஜன். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவன். அந்த மிரர்லெஸ் கமரா வந்ததிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. தோளில் வாரைப் போட்டால் எங்களைத் தெரியாது.

படத்தில் இருந்தது டீ.ஓ.வின் ஒரே மகள் யசோதினி. செங்கலடி மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப எடுத்த படம். குறை சொல்ல முடியாது. கண்ணிமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். முகம் பாலாடைபோல வழுவழுவென்று இருந்தது. இருபத்தெட்டு வயதில் எவளுக்கும் அப்படி ஒரு முகம் இருந்ததில்லை. கொம்பியூட்டரில் போட்டுத் தேய்த்திருக்கிறான்.

படம் போன மறுநாளே சுவிஸிலிருந்து பதில் வந்தது. மாப்பிள்ளையின் அக்கா மேனுகா குரல் பதிவு அனுப்பியிருந்தாள். டீ.ஓ. அதை மூன்றாம் முறையாகப் பெரிதாகப் போட்டார்.

“ஐயா, பொண்ணு நல்ல வடிவு. ஆனா வீட்ட ஏன் மறைச்சிருக்கிறீங்க? இன்னும் கட்டி முடியல்லையா? உள்ளதச் சொல்லுங்க, நாங்க ஒண்டும் நினைக்க மாட்டம்.”

ஒன்றும் நினைக்க மாட்டோம் என்று ஒருத்தி சொன்னால் எல்லாவற்றையும் நினைத்து முடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள ஆபத்து விளங்கும். இங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து ஏறுவான்; பெற்றவர்கள் பின்வளவுக்கு இறங்குவார்கள். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் ஒரு கண்ணால் பெண்ணையும் மறு கண்ணால் கூரையையும் பார்ப்பார்கள். கூரையைப் பார்க்கிற கண்தான் கூர்மை. டீ.ஓ. அந்த வீட்டை யசோதினி பள்ளிக்கூடம் போன காலத்தில் தொடங்கி, அவள் பிரதேச செயலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் முடித்தார். அதைப் போய் அந்தக் கமரா கஞ்சியாக்கிவிட்டது.

யசோதினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கவலை வீட்டைப் பற்றியல்ல, மாப்பிள்ளையைப் பற்றி. தரகர் கொண்டுவந்த புதுச் சம்பந்தம் என்றுதான் இரண்டு வீட்டிலும் நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் லோகிதனும் அவளும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரே வகுப்பு. அங்கே இருவரும் படித்தது பாடம் மட்டுமல்ல. தரகருக்கு விலாசம் கொடுத்ததே லோகிதன்தான். தகப்பன் இல்லாத அவனைப் படிக்க வைத்தது அக்கா. காதல் என்று அவள் காதில் விழுந்தால் அன்றோடு எல்லாம் முடியும். அவள் தலையசைத்தால் தையிலேயே கல்யாணம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. யசோதினி கிணற்றடியில் நின்றுதான் போன் கதைப்பாள். கிணற்றை என் வேலிக்குப் பக்கத்தில் வெட்டியது அவளுடைய அப்பா.

“மாமா, இது எண்பத்தஞ்சு லென்ஸ்,” என்றான் தனோஜன். “ஆளத் தூக்கிக் காட்டும், பின்னால உள்ளத உருக்கும். சனம் இதுக்குத்தான் ஆசப்படுது.”

“உருக்கிறதுக்கு என்ட வீடென்ன ஐஸ்பழமா?”

டீ.ஓ.வின் மனைவி இலட்சுமிப்பிள்ளை நடுவே வந்தாள். “மனே, பின்னால உள்ளதையும் கொஞ்சம் துலக்கமா எடுக்க ஏலாதா?”

“ஏலும் மாமி. ஒரு டயலத் திருகினா எல்லாம் துலங்கும். ஆனா இந்த லென்ஸுக்குள்ள முழு வீடு அடங்காது. நான் பின்னுக்குப் போகணும்.”

“போவன். யார் உன்னப் பிடிச்சிரிக்கா?” என்றார் டீ.ஓ.

போனான். யசோதினியை முன் தூணருகே நிறுத்திவிட்டு, கமராவைக் கண்ணில் வைத்தபடி பின்பக்கமாக நடந்தான். முற்றத்தில் நின்று பார்த்தால் தூணும் பாதி யன்னலும்தான். படலையடியில் ஒரு யன்னலும் ஒன்றரைத் தூணும். படலையைத் தாண்டி ஒழுங்கைக்கு வந்தான். கூரை முழுதாக வரவில்லை. ஒழுங்கைக்கு அங்கால் வாவி. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாவிக்குள் இறங்கினான்.

“இப்ப வீடு வருகுதா?” டீ.ஓ. முற்றத்திலிருந்து கத்தினார்.

“வருகுது மாமா! ஆனா மதில் மறைக்குது. யசோட தலை மட்டும்தான் தெரியுது!”

“இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போ!”

இந்த இடத்தில் ஒரு விவரம். எங்கள் கரையில் நாலடிக்கு மேல் போனால் சேறு. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும், தனோஜனுக்கும் தெரியும். ஆனால் கண்ணில் கமரா இருக்கும்போது காலுக்கு யார் அறிவு சொல்வது? இடுப்புவரை புதைந்தான். இரண்டு கையாலும் கமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோயில் தேருக்கு முன்னால் நிற்கிறவன்போல நின்றான். மீனுக்கு வலை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் தோணியைத் திருப்பிக்கொண்டு வந்து, முதலில் கமராவை வாங்கி, பிறகுதான் அவனை இழுத்தார்கள். அந்த வரிசையில் இழுக்கச் சொன்னதே அவன்தான்.

நான் சிரிக்கவில்லை. கறிவேப்பிலைக் கிளையைக் கொஞ்சம் கடித்துக்கொண்டேன்.

“இனி நீ ஒண்டும் எடுக்க வேணாம்,” என்றார் டீ.ஓ. உள்ளே போய் அலுமாரியைக் குடைந்து தன் கமராவைக் கொண்டுவந்தார். சவர்க்காரக் கட்டி அளவில் வெள்ளி நிறத்தில் ஒன்று. கடைசி மதகு முடிந்த நாளிலிருந்து உறையை விட்டு வெளியே வராதது. புதுப் பற்றரி இரண்டைப் போட்டதும் கிர்ரென்று மூக்கை நீட்டியது. திரையில் திகதியை என்னவோ கேட்டது. கண்ணாடி இல்லாததால் ஓகே, ஓகே என்று அமத்திக்கொண்டே போனார்.

தனோஜன் சேறு சொட்ட மதிலோரம் நின்று வாய்க்குள் சிரித்தான். “இது விளையாட்டுச் சாமான் மாமா. இதுக்கு எது முக்கியம், எது முக்கியமில்ல எண்டு தெரியாது. முகத்தையும் மதிலையும் ஒரே மாதிரித்தான் பாக்கும்.”

“அதுதான் நீதி. உன்ட சாமான் ஒருத்தரக் கும்பிட்டு மத்தவங்கள மிதிக்கும்.”

டீ.ஓ. மனிதர்களைப் படம் எடுத்து யாரும் பார்த்ததில்லை. அவர் எடுத்ததெல்லாம் மதகு. மதகுக்கு ஒரு முறை உண்டு: இரண்டு அந்தமும் தெரிய வேண்டும், அளவு விளங்கப் பக்கத்தில் ஒரு தடி நிற்க வேண்டும், மூலையில் திகதி விழ வேண்டும். மகளையும் அதே முறையில்தான் எடுத்தார்.

“யசோ, தூணோட ஒட்டி நில்லு. அப்பதான் தூண்ட உயரம் விளங்கும்.”

“சிரிக்கவாப்பா?”

“அது உன்ட விருப்பம். அசையாத. தனோ, நீ எங்க போறாய்? மதில்ட உயரமும் விளங்கணும். அதுலயே நில்லு.”

அப்படித்தான் பெண் பார்க்கிற படத்தில் ஒரு அந்தத்தில் பெண்ணும், மறு அந்தத்தில் கழுத்தில் கமரா தொங்க, இடுப்புவரை சேற்றோடு முறைத்துக்கொண்டு ஒரு மச்சானும் நின்றார்கள். மதகுத் தடி இரண்டு.

ஒரே அமத்தல். படத்தில் எல்லாம் இருந்தது. பாலைமர யன்னல், ஓடு, தண்ணீர்த் தாங்கி, கொடியில் இலட்சுமிப்பிள்ளையின் துவாய், படி ஏறப்போன கோழி, எல்லாம் ஒரே துலக்கம். யசோதினியின் கன்னத்துப் பரு உட்பட. வேலிக்கு மேலால் யாருடையதோ கழுத்து ஒன்றும் நீண்டிருந்தது. தனோஜன்தான் அந்தக் கமராவின் மெமரிக் கார்டைக் கழற்றிப் போனுக்கு மாற்றி அனுப்பினான். ரோசத்தில் படத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே தடுத்திருப்பான்.

மறுநாள் பின்னேரம் வீடியோக் கோல் வந்தது. ஒரு சதுரத்தில் மேனுகா, மற்றச் சதுரத்தில் லோகிதன். நான் அப்போது சுளகு கேட்டு அங்கே போயிருந்தேன். என் வீட்டிலும் சுளகு உண்டு. ஆனால் அது பழசு.

“ஐயா, நல்ல வீடு,” என்றாள் மேனுகா. டீ.ஓ.வின் நெஞ்சு நிமிர்ந்தது. “ஆனா ஏன் பழைய படத்த அனுப்பினீங்க?”

“பழசா? நேத்து எடுத்தது புள்ள!”

“மூலையில ரெண்டாயிரத்தி எட்டு எண்டு போட்டிரிக்கே.”

டீ.ஓ. கண்ணாடியைத் தேடினார். இலட்சுமிப்பிள்ளை எடுத்துக் கொடுத்தாள். இருந்தது. செம்மஞ்சள் எழுத்தில், கொட்டை கொட்டையாக. அலுமாரியில் பற்றரி இல்லாமல் தூங்கி எழும்பிய கமராவுக்கு அது பிறந்த வருடம்தான் ஞாபகம் இருந்திருக்கிறது.

“ரெண்டாயிரத்தி எட்டுலயே இவக்கு இந்த வயசு எண்டா இப்ப என்ன வயசு? எனக்கே அக்கா மாதிரி வருமே. முதல் படத்துல முகத்த வழிச்சி மினுக்கி, வீட்ட மறைச்சீங்க. இப்ப வீட்டக் காட்டி வயச மறைக்கிறீங்க.”

“பிறப்புப் பத்திரத்த அனுப்புறன்!”

“முகத்தையே மினுக்கிறவங்களுக்குப் பத்திரம் பெரிய வேலையா ஐயா? வேணாம். இத இதோட விடுவம்.”

கதவு நிலையடியில் நின்ற யசோதினி எட்டிப் போனைப் பார்த்தாள். லோகிதன் தன் சதுரத்துக்குள் வாயைத் திறந்தான், மூடினான், திறந்தான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள் அக்கா என்று ஒரு வரி சொன்னால் வயது சரியாகிவிடும். ஆனால் மற்றதெல்லாம் போய்விடும். எனக்கே நாக்கு அரித்தது. சுளகை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, வைக்காதங்க,” என்றான் லோகிதன் கடைசியில். “அந்தப் படத்தப் பெருசாக்கிப் பாருங்க. மதில் பக்கம். சேத்தோட ஒருத்தர் நிக்கிறார்.”

“ஓம், கண்டன். ஆரு அந்தப் பேயன்?”

பேயன் டீ.ஓ.வுக்குப் பின்னால்தான் நின்றான்.

“அவர விடுங்க. அவர்ட கழுத்துல தொங்குற கமராவப் பாருங்க. மேல ரெண்டு டயல். லென்ஸ்ல உள்ள எழுத்தக் கூட வாசிக்கலாம். அது போன வருசம்தான் வந்த மொடல். ரெண்டாயிரத்தி எட்டுல எடுத்த படத்துக்குள்ள அது எப்படி வரும்?”

“உனக்கு நல்லாத் தெரியுமா?”

“அக்கா!”

“ஓம், தெரியும்தான். சோறு இல்லாட்டியும் கமரா வீடியோ பாக்காம இரிக்க மாட்டாய். வாங்கக் கையில காசில்ல, வாயில முழுக் கடையும் இரிக்கு.”

மேனுகா இன்னொரு போனை எடுத்து அந்த மொடலைத் தேடினாள். நாங்கள் அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அந்த நெற்றியின் சுருக்கம் நீங்கியது. பிறகு அவள் சிரித்த சிரிப்பில் டீ.ஓ.வின் கையிலிருந்த போன் ஆடியது.

“சரி ஐயா, சரி. நேத்து எடுத்த படம்தான். பொண்ணுக்குக் கன்னத்துல பருவும் இரிக்கு. எனக்கு இப்பதான் மனசு ஆறினது. தையில வைப்பமா?”

கதவு நிலையடியில் யாருமில்லை. யசோதினி கிணற்றடிக்கு ஓடிவிட்டாள்.

“ஒண்டு மட்டும் கேக்கணும்,” என்றாள் மேனுகா. “வேலிக்கு மேலால ஒரு கழுத்து நிக்கிதே, அது ஆரு?”

“அது பக்கத்து வீட்டு மச்சாள்,” என்றாள் இலட்சுமிப்பிள்ளை, என்னைப் பார்க்காமலே. “கறிவேப்பிலை ஆஞ்சிருப்பா.”

நான் சுளகோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் முற்றத்தில் தொடர்ந்தது கேட்டது.

“மனே தனோ, உன்ட கமரா எப்ப பிரயோசனப்பட்டது தெரியுமா? படம் எடுக்காம சும்மா தொங்கின நேரம்.”

“உங்கட கமரா எடுத்த ஒரே நல்ல படம் எது தெரியுமா மாமா? என்ட கமராவ எடுத்ததுதான்.”

தையில் கல்யாணம் நடந்தது. அகன்ற லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு தனோஜன் படம் எடுத்தான். டீ.ஓ.வும் தன் பங்குக்கு எடுத்தார். அவர் எடுத்த தாலிகட்டுப் படத்தில் பந்தல் கால் நாலும் தெரியும், தாலியைத் தேட வேண்டும். மேனுகா சுவிஸிலிருந்து வந்து, பாலைமர யன்னலைத் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுப் போனாள். வந்தாறுமூலைக் கதை அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவள் என்னிடம் கேட்கவுமில்லை.

லோகிதன் தன் வங்கியின் களுவாஞ்சிக்குடிக் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்துவிட்டான். டீ.ஓ.வும் இலட்சுமிப்பிள்ளையும் பின்வளவில் இரண்டு அறை போட்டு இறங்கினார்கள். தனோஜன் எடுத்த கல்யாண அல்பத்தில், பெண்ணுக்கு அடுத்தபடியாக அதிகம் இருந்த முகம் லோகிதனின் சித்தி மகளுடையது. அதைக் கண்டுபிடிக்க என்னைப் போன்ற ஒருத்தி தேவையில்லை. பக்கத்துக்குப் பக்கம் அவள்தான். ஆவணியில் அவளைக் கட்டிக்கொண்டு தனோஜன் செங்கலடிக்குக் குடிபோனான். சந்திக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ போட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவோடு சண்டை பிடிக்க மோட்டார் சைக்கிளில் வருகிறான். மனைவியையும் ஏற்றிக்கொண்டுதான் வருகிறான். அவள் எப்போதும் மாமா பக்கம்.