பதினெட்டும் கூட்டுக்குள்ளே

பொழுது சாய இன்னும் அரை மணி நேரம்தான். மலைச்சரிவில் மேய்ந்துவிட்டு வந்த பாவ்தியனின் பதினெட்டு இளங்கோழிகளும் கூட்டை ஏறெடுத்தும் பார்க்காமல், வரிசையாகப் பம்பளிமாஸ் மரத்தை நோக்கி நடந்தன.

மரத்தில் தூங்கினால் தூங்கிவிட்டுப் போகட்டுமே என்று விடவும் முடியாது. இருபத்தொன்றாக இருந்தவை மரநாயின் தயவால் பதினெட்டாகியிருந்தன. அவனும் சும்மா இருந்துவிடவில்லை. மூன்று நாள் கூட்டுக்குள்ளேயே பூட்டி வைத்துப் பழக்கினான். உள்ளே விளக்குப் போட்டான், சோளத்தைத் தூவினான். தினமும் மரமேறி, கைக்கு எட்டியதையெல்லாம் பிடித்து உள்ளே போட்டான். எட்டாத கிளையில் இருந்தது மரநாயின் பங்காகப் போனது.

அவன் மனைவி சூயினுக்கு ஏழு மாதம். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் முழுக்க இஞ்சி தட்டிப் போட்டுக் கோழிச்சாறு வைத்துத் தரவேண்டும், அதுவும் வீட்டில் வளர்ந்த கோழியில். அந்த மலையூர்களின் வழக்கப்படி பிரசவம் புகுந்த வீட்டில்தான். பெண்டாட்டி தாய்வீட்டுக்குப் போய்ப் பெற்றாள் என்றால் புருஷன் வக்கற்றவன் என்று பொருள். மாமியார் லுவோ போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: “நான் வர்ற அன்னைக்குக் கோழியெல்லாம் கூட்டுல அடையணும் மாப்ளே. இல்லைன்னா எம் பொண்ணு எங்கூட வந்துருவா.”

ஊர் என்ன சொன்னால் என்ன, அதை அவன் தாங்கிக்கொள்வான். ஆனால் பிள்ளையின் முதல் அழுகையைப் போனில் கேட்பதா?

நாளை வருகிறேன் என்ற மாமியார் இன்றே வந்து நின்றாள். கையில் ஒரு பெரிய துணிப்பை. வெறும் பை! மகளின் துணிமணிகளை அள்ளிக்கொண்டு போக எடுத்துவந்ததாம்.

“என்ன மாப்ளே, உங்க கோழியெல்லாம் பறவையாயிருச்சு போல?” என்றாள், மரத்தை அண்ணாந்து பார்த்து. “ரெண்டு அதுக்குள்ள ஏறிருச்சே.”

“இன்னும் இருட்டலை அத்தை. கொஞ்சம் பொறுங்க.”

“பொறுத்துக்கிட்டுத்தானே இருக்கேன். மரநாய்க்குத்தான் பொறுமை இல்லை.”

சூயின் இந்த வம்பில் தலையிடவில்லை. சோளக் கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, “கூ கூ கூ” என்று கூப்பிட்டபடி கூட்டை நோக்கி நடந்தாள். மரத்தில் இருந்தவையும் குதித்து இறங்கி அவள் காலைச் சுற்றிக்கொண்டே போயின. கூட்டு வாசலுக்கு நாலடி முன்னால் மொத்தக் கூட்டமும் சட்டென்று நின்றது. லேசாகக் காற்றடித்தது. வாசலில் குவிந்து கிடந்த சிவப்புக் காகிதத் துணுக்குகள் சரசரத்தன. அவ்வளவுதான், பதினெட்டும் கெக்கெக்கென்று கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தன.

சூயின் குனிந்து அந்தத் துணுக்குகளைப் பார்த்தாள். கூடு கட்டி முடித்த நல்ல நாளில் பாவ்தியன் வெடித்த சரவெடியின் மிச்சம் அது. வெடித்த காகிதத்தைப் பெருக்கினால் அதிர்ஷ்டமும் கூடவே போய்விடும் என்று பத்து நாளாகத் துடைப்பத்தை அந்தப் பக்கமே விடவில்லை.

“ஏங்க, நீங்க வெடி போட்டப்போ இதுங்க எங்க இருந்துச்சு?”

“உள்ளதான். திறப்பு விழாவுக்கு வீட்டுக்காரங்க இல்லாம எப்படி?”

சூயின் தலையில் கை வைத்துக்கொண்டாள். மாமியார் வெடித்தாள். “அடப்பாவி! பச்சைக் குஞ்சுகளை உள்ள வச்சுக்கிட்டு வாசல்ல சரவெடியா? எந்தப் புத்திசாலி குடுத்தான் உங்களுக்கு அந்த வெடிய?”

“நீங்கதான் அத்தை அனுப்பினீங்க.”

லுவோவின் வாய் மூடிக்கொண்டது. கல்யாணம் ஆனதிலிருந்து பாவ்தியன் அப்படியோர் அமைதியைக் கண்டதில்லை. ஆனால் அவன் துடைப்பத்தை எடுத்ததும் அவளுக்கு மறுபடி குரல் வந்துவிட்டது.

“பெருக்காதீங்க! புள்ள பொறக்கப் போற வீடு!”

“யாரும்மா தூக்கி எறியப்போறா?” என்றாள் சூயின். “அதிர்ஷ்டம் நம்ம முற்றத்துலதான் இருக்கும். இடம்தான் மாறுது. அந்த மரத்தடிக்கு.”

அடடா, இது தனக்குத் தோன்றவில்லையே! பாவ்தியனுக்கு அவளைத் தூக்கிச் சுற்றவேண்டும்போல் இருந்தது. ஏழு மாதம் என்பதால் விட்டுவிட்டான். ஒரு துணுக்கு விடாமல் முறத்தில் வாரி, பம்பளிமாஸ் மரத்தைச் சுற்றிக் கொட்டினான். கூட்டு வாசலில் வைக்கோலைப் பரப்பினான். விளக்கைப் போட்டான். மூவரும் சுவரோரம் பதுங்கிக்கொண்டார்கள்.

கோழிகள் மரத்தடிக்குப் போயின, சிவப்பைப் பார்த்தன, மிரண்டு திரும்பின. முற்றத்தின் நடுவே திருதிருவென்று விழித்தன. இருட்டு இறங்கிக்கொண்டே இருந்தது. விறகுக் குவியலுக்குப் பின்னால் மஞ்சளாக ஏதோ நெளிந்தது.

முதலில் மொட்டை வால் கோழி வைக்கோலில் கால் வைத்தது. ஒரு கொத்து. இன்னொரு கொத்து. சடாரென்று உள்ளே போய்விட்டது! பின்னாலேயே ஒன்று, இரண்டு, அப்புறம் முண்டியடித்துக்கொண்டு ஒரு கூட்டம். “பதினஞ்சு... பதினாறு...” என்று சூயின் அவன் தோளைக் கிள்ளிக் கிள்ளி எண்ணினாள். “பதினேழு!”

ஒன்று வெளியே நின்றது. விறகுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் உடம்பு பாய்ந்தது. பாவ்தியன் எழுவதற்குள் அவன் காதோரம் ஒரு செருப்பு பறந்தது. அத்தையின் செருப்பு! மரநாய் சுருண்டு விழுந்து எழுந்து ஓடியது, கோழி அலறிக்கொண்டு கூட்டுக்குள் போய் விழுந்தது.

“பதினெட்டு!” என்று கத்திக்கொண்டே பாவ்தியன் ஓடிக் கதவைச் சாத்தினான். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

லுவோ ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வந்தாள். கதவை மேலும் கீழும் பார்த்தாள். “கதவா மாப்ளே இது? அடியில ஒரு கை போகுது. மரநாய்க்கு வழி விட்டு வச்சிருக்கீங்களா?”

பாவ்தியன் பலகை தேடக் கிளம்பினான்.

“நாளைக்கு அடிச்சுக்கலாம், உக்காருங்க” என்றாள். அக்குளில் இடுக்கியிருந்த வெறும் பையை எடுத்து இறுக்கமாகச் சுருட்டி, அந்தச் சந்தில் அழுத்தித் திணித்தாள்.