புல் விதைக்கு மூடிய படம்

சுருளிக்குப் பேரையூர்ப் பக்கம் மானாவாரிக் காடு. ஆடு பதினொன்று. மேய்ச்சலுக்கு நாதியில்லை என்றுதான் ஆட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் மூன்று சென்டில் கொழுக்கட்டைப்புல் விதைத்தான். ஊதினால் பறக்கிற விதை அது. ஆழமாகவும் புதைக்கக் கூடாது, மேலாகத் தூவி மண்ணை லேசாகக் கிளறிவிட வேண்டும். போன சித்திரையில் ஒரே மழையில் அத்தனையும் ஓடைக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த முறையும் போனால் ஆடுகளை விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

விதைத்த மறுநாளே சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பாழாய்ப்போன மழை, கூப்பிட்டபோது என்றைக்காவது வந்திருக்கிறதா? வைக்கோலைப் பரப்பினான், தென்னங்கிடுகைப் போட்டான். தண்ணீர் இறங்குகிற முனை மட்டும் திறந்து கிடந்தது. அதை மூட ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் போனபோதுதான் பஸ் ஸ்டாப்பில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அவன் கண்ணில் பட்டது. செத்துப்போன உக்கிரபாண்டியின் படம் அது; மறுநாள் அவனுக்கு முப்பதாம் நாள். எப்படியும் மழையில் கிழியத்தானே போகிறது, விடியுமுன் திருப்பிக் கட்டிவிடலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு கழற்றி வந்தான். படம் தெரியாமல் குப்புற விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தான். சின்ன வயசிலிருந்து ஒரே தட்டில் தின்ற சேக்காளியின் முகம் மண்ணோடு கிடந்தது.

மழை விடிகாலை வரை விடவில்லை. சுருளி அசந்து தூங்கி எழுவதற்குள், உக்கிரபாண்டியின் பெண்சாதி பாண்டிச்செல்வி தெருவில் நின்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

"அவரு படத்தக் காணோம்ணே! பொழுது ஏற சனம் வந்துரும். காத்து எங்குட்டுக் கொண்டுபோச்சோ!"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். "நானும் தேடுறேன் தாயி" என்றான், வெட்கங்கெட்டவன். ஊரோடு சேர்ந்து கருவேலங்காட்டில் முள் குத்தக் குத்தத் தேடவும் செய்தான்.

நைசாகப் பிரிந்து கொட்டத்துக்கு ஓடிவந்தால், அவனுக்கு முன்னால் பாண்டிச்செல்வி அங்கே நிற்கிறாள், பிளெக்ஸின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தபடி.

"காத்து... காத்துதான் தாயி, இங்கிட்டுக் கொண்டாந்து போட்டிருக்கு."

அவள் நாலு கல்லையும் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"கேட்டா தரமாட்டேன்னா சொல்லப்போறேன்ணே?"

சுருளிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அதற்குள் வரப்பில் ஆள்கள் வரும் சத்தம் கேட்டது. அவள் சட்டென்று குனிந்து, கல்லை ஒவ்வொன்றாக எடுத்து வேலிக்கு அப்பால் எறிந்தாள். பிளெக்ஸைப் புரட்டி, முந்தானையால் முகத்து மண்ணைத் துடைத்தாள். அடியில் ஒரு விதைகூட நகரவில்லை.

"எங்க கெடந்துச்சுக்கா?" என்றான் முன்னால் வந்த தங்கப்பாண்டி.

"இங்கதாம்ப்பா. காத்து கொண்டாந்து போட்டிருக்கு."

"நல்ல காத்துதான் போ. மாப்ள சுருளி, என்ன மரம் மாதிரி நிக்கிற? நீயும் ஒரு கை புடி."

சுருளி பிடித்தான். எதிர் முனையைப் பாண்டிச்செல்வி பிடித்திருந்தாள். பஸ் ஸ்டாப் போய்ச் சேரும்வரை அவன் தலை நிமிரவில்லை.