ஜவ்வுக்குக் கட்டம் இல்லை

கம்பெனி டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் இடம் இருந்தும் ஒட்டகம் சுவரில் சாய்ந்துதான் நின்றான். உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். சிமெண்ட் கிடங்கில் மற்றவர்கள் ஒரு மூட்டை சுமந்தால் அவன் இரண்டு சுமப்பான். அதனால் வந்த பெயர் அது. எட்டு மாதத்துக்கு முன்னால் லாரியிலிருந்து கிடங்குக்குப் போட்டிருந்த பலகை ஒடிந்து, மூட்டைகளோடு கீழே விழுந்தான். முதுகுத்தண்டில் ஒரு எலும்பு நொறுங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு ஸ்க்ரூவும் இரண்டு கம்பியும் வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

அவன் மனைவி பையிலிருந்து சீட்டை எடுத்து மறுபடியும் பார்த்தாள். ஆபரேஷன் செய்த டாக்டர் எழுதியது. "எலும்பு கூடிரும்மா. ஆனா நடுவுல இருக்கிற ஜவ்வும் கிழிஞ்சிருக்கு. அது தானா கூடாது. இனிமே சுமை தூக்கவே கூடாது" என்று அவர் சொல்லியிருந்தார். கேட்டில் காவல் வேலை ஒன்று காலியாக இருந்தது. கம்பெனி டாக்டர் இன்றைக்கு எழுதிக் கொடுத்தால் அது கிடைக்கும். இல்லையென்றால் பழையபடி மூட்டைதான். முடியாது என்றால் பேரை அடித்துவிடுவார்கள்.

"வேர்க்குதே உங்களுக்கு. ரொம்ப வலிக்குதா?"

"இல்ல. காலைல ரெண்டு மாத்திரை போட்டுட்டேன்."

"என்னது?"

"பஸ்ல ரெண்டு மணி நேரம் நிக்கணும்ல. அதோட, டாக்டர் முன்னாடி மூஞ்சியக் கோணிக்கிட்டு நிக்கவா சொல்ற? மானம் போயிரும்."

"மானமாம் மானம்! புண்ணக் காட்ட வந்த எடத்துக்குப் பவுடர் பூசிட்டு வந்திருக்கீங்களே. நான் எந்தச் சுவத்துல முட்டிக்க?"

"இந்தச் சுவத்துல முட்டாத. நான் சாஞ்சிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "ரொம்ப அழகா கூடியிருக்கு. எங்க, குனிப்பா."

குனிந்தான். விரல்கள் முழங்காலைத் தாண்டி இறங்கின. டாக்டர் டிக் போட்டார்.

"சார், அவரு மாத்திரை போட்டுட்டு வந்திருக்காரு" என்றாள் மனைவி. "இல்லேன்னா செருப்புகூட நான்தான் மாட்டி விடணும். இந்தச் சீட்டப் பாருங்க, ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு எழுதியிருக்கு."

"எக்ஸ்ரேல ஜவ்வு எங்கம்மா தெரியுது?"

"தெரியாதுன்னுதானே ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க. உங்க கம்பெனிதான் செலவுக்குக் கையெழுத்துப் போடல."

டாக்டர் படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். "எலும்பு கூடிருச்சா, ஸ்க்ரூ சரியா இருக்கா, குனியிறாரா. மூணு கட்டம்தான். ஜவ்வுக்குக் கட்டம் இல்ல. நான் எங்க எழுத?"

"ஓரத்துல எழுதுங்க. அவ்வளவு எடம் சும்மாதானே கெடக்கு."

"மாத்திரை போட்டா குனிய முடியுதுல்ல? போட்டுக்கிட்டே வேலைக்குப் போகட்டும்."

"அப்ப நீங்க ஒரே ஒரு மூட்டை சுமந்து பாருங்க சார். மாத்திரை நான் தர்றேன்."

"ஏ, சும்மா இரு" என்று ஒட்டகம் அவள் கையைப் பிடித்தான். டாக்டர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் அந்தக் காகிதத்தைக் கிடங்கு வாசலில் எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்: "சிகிச்சை முழு வெற்றி. எல்லா வேலைக்கும் தகுதி." பிறகு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"போய் நில்லுடா ஒட்டகம். லாரி நிக்குது."

ஒட்டகம் லாரியின் பின்பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றான். மேலே நின்ற இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூட்டையை நகர்த்தி, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல அவன் முதுகின்மேல் வைத்தார்கள்.

"விடவாண்ணே?" என்றான் ஒருவன்.

நான்கு கைகளும் மூட்டைக்கு அடியிலேயே இருந்தன.

சூப்பர்வைசர் வாட்சைப் பார்த்தார். "கைய எடுங்கடா" என்றார்.