ஏழாங்கரையில் கவ்வாத்து

தெமோதரைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், விஜயலெட்சுமி நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குக் கொண்டுவந்த கொழுந்தில் ஒரு பங்கு கைப்பேசி விளையாட்டுக்குள் பறித்தது. தராசு அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. மற்றக் கொழுந்தோடு சேர்த்தே நிறுத்தது. கங்காணி ரெங்கசாமி ஒரு பிடி அள்ளி முகர்ந்தார், சுத்தமாகத்தான் இருக்கிறது என்றார், ஈரத்துக்கென்று வழக்கம்போல இரண்டு கிலோ கழித்தார். மழையே இல்லாத கிழமையில் ஈரம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் நின்ற பெண்கள் அவரோடு சண்டைக்குப் போனார்கள். கொழுந்து எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

விஜயலெட்சுமியின் கணவன் நிமலன் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலைக்கு நின்றான். கல்யாணமான நாளிலிருந்து கணக்குப் பார்த்தால், அவர்கள் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததைவிட ‘ஏழாங்கரை’ என்ற விளையாட்டுக்குள் இருந்ததுதான் அதிகம். அங்கே இருவரும் சேர்ந்து ஒரு மரவீடு கட்டியிருந்தார்கள். முன்னால் ஒரு சரிவு, சரிவு முழுக்கப் பெயர் தெரியாத புதர்கள். வேலை முடிந்து குளித்துவிட்டு அவள் தன் லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியின் சுவரில் சிக்னலுக்காக ஏறி உட்காருவாள். அவன் கடையின் மேல்மாடியில் துணிமூட்டைகளில் சாய்ந்திருப்பான். போனில் பேசினால் சாப்பாட்டை விசாரிப்பதோடு தீர்ந்துபோகிற பேச்சு, விளையாட்டுக்குள் பூதங்களைத் துரத்திக்கொண்டு ஓடும்போது தடையில்லாமல் வந்தது. அவளுடைய அம்மாவின் முட்டிவலி, அவனுடைய முதலாளியம்மாவின் கோபம், ஒரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை எல்லாமே பூதங்களுக்கு நடுவில்தான் பேசப்பட்டன.

தை மாதம் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. அதில் இருந்ததையெல்லாம் அவர்களோடு சேர்ந்து விளையாடிய கூட்டம் மாசிக்குள் முடித்துவிட்டது. அடுத்த அப்டேட் நவம்பரில்தான் என்று அறிவித்தார்கள். கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியாகக் கூட்டத்தின் தலைவன், மொனராகலை றில்வான், “தங்கச்சி, இனி இங்க செய்ய ஒன்டும் இல்ல. நவம்பர்ல பாப்பம்” என்று எழுதிவிட்டுப் போனான். நிமலன் போகவில்லை, ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தான், பிறகு கிழமைக்கு ஒருமுறை வந்தான், வந்தாலும் மரவீட்டு வாசலில் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றான். பூதங்கள் தீர்ந்ததும் பேச்சும் தீர்ந்துவிட்டது. தொட்டிச் சுவரில் தனியாக உட்கார்ந்திருந்த விஜயலெட்சுமிக்குப் பயம் வந்தது. நவம்பர்வரை இப்படியே போனால், அதற்குப் பிறகு பேசுவதற்குத் தங்களிடம் ஒன்றுமே இருக்காது என்று நினைத்தாள்.

அவள் தோட்டத்தில் பிறந்தவள். கொழுந்து இல்லாத மலையை யாரும் கைவிட்டுப் போய்ப் பார்த்ததில்லை. செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் குச்சியாக விடுவார்கள், புல் எடுப்பார்கள், மழைத்தண்ணீர் வழிந்தோடக் கான் வெட்டுவார்கள், காத்திருப்பார்கள். கவ்வாத்து என்றால் அதுதான். ஆகவே ஒரு சாயங்காலம் பூதம் வெட்டும் வாளை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கி, புதர்களை வெட்ட ஆரம்பித்தாள். கவ்வாத்து ஆண்களின் வேலை என்றாலும், வெட்டு சாய்வாக இருக்க வேண்டும், பட்டை கிழியக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் பட்டை கிழியக் கண்டபடி வெட்டினாள். பிறகு அதைப் படமெடுத்து நிமலனுக்கு அனுப்பினாள்.

நிமலன் தோட்டத்தை விட்டுப் போனதே கவ்வாத்துக் கத்தியை வெறுத்துத்தான். படத்தைப் பார்த்ததும் உடனே உள்ளே வந்தான்.

“இது கவ்வாத்தா, ஆடு மேஞ்ச எடமா?”

“எனக்கு வந்தது இவ்வளவுதாங்க. மனசு கேக்கலன்னா நீங்க வந்து வெட்டுங்க.”

அவன் வெட்டினான். அவள் குச்சிகளை ஒதுக்கினாள். மறுநாளும் வந்தான், ஏனென்றால் இரண்டாவது நிரை பாதியில் நின்றது. பங்குனியும் சித்திரையும் அப்படிப் போயின. கொழும்பில் அவனுடைய உள்ளங்கையில் பழைய இடங்களிலேயே காய்ப்பு வந்தது. விரல்களில் தேயிலைக் கறை ஏறி, எந்தச் சவுக்காரத்துக்கும் போகவில்லை. முதலாளியம்மா இரண்டு தடவை திட்டிப் பார்த்துவிட்டு, அவனை வெள்ளைப் புடவைப் பக்கத்திலிருந்து கறுப்பு, கருநீலப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார். அங்கே வியாபாரம் நன்றாகவே நடந்தது.

வெட்டிய புதர் மறுபடி முளைப்பதற்கு அந்த விளையாட்டில் ஏற்பாடு எதுவும் கிடையாது. ஆனாலும் ஆனி மாதம் அது தேயிலையாகவே தளிர்த்தது. முதலில் கண்டவன் நிமலன்தான். “விஜி, செவப்பா துளிர் விட்டிருக்கு” என்று எழுதினான். முதல் கொழுந்தை அவள் செடி சமமாக நிற்கும்படி மட்டம் பார்த்து எடுத்து முதுகுப் பைக்குள் போட்டாள். காலையில் பார்த்தால், வீட்டில் ஆணியில் மாட்டியிருந்த அவளுடைய கூடைக்குள் அது பனி ஈரத்தோடு கிடந்தது. வெளியே கொட்ட மனம் வரவில்லை. அன்றைய கொழுந்தோடு சேர்த்து மடுவத்துக்குக் கொண்டுபோனாள்.

கார்த்திகை நெருங்க நெருங்க அவளுக்குப் புதிதாக ஒரு கவலை பிடித்தது. புது அப்டேட்டில் வரப்போவது கடலுக்கு அப்பால் ஒரு நகரம். அதைப் பற்றி நிமலன் முந்திய வருடமே ஆசையாகப் பேசியிருக்கிறான். செய்ய வேறொன்றும் இல்லாததால்தான் இத்தனை நாள் தன்னோடு இருந்தானா என்பது இனித் தெரிந்துவிடும்.

அப்டேட் வந்த சாயங்காலம் றில்வான் பழைய கூட்டம் முழுவதையும் கூட்டிக்கொண்டு வந்தான். எல்லோரும் கவசம் போட்டிருந்தார்கள். கரையில் கப்பல் நின்றது. விஜயலெட்சுமி போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. மேல் நிரையில் ஏறிக் கொழுந்தெடுக்கத் தொடங்கினாள். கண் கப்பல் பக்கமே போனதால் மொட்டை விட்டுவிட்டு இலையை மட்டும் கிள்ளினாள்.

“நிமலன், ஏறுங்க. கப்பல் போகப் போகுது” என்றான் றில்வான்.

“நீங்க முன்னால போங்க றில்வான் நானா. இன்னிக்கு விட்டா கொழுந்து முத்திப் போகும்.” பிறகு நிமலன் அவள் பக்கம் திரும்பினான். “மொட்ட விட்டுட்டு என்னத்தக் கிள்ளிக்கிட்டு இருக்க? மேல நீ எடு, கீழ் நிரைய நான் எடுக்கிறேன்.”

றில்வான் கொஞ்ச நேரம் கப்பலையும் சரிவையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு அந்தச் சரிவு புதிதாக இருந்தது. பிறகு வாளைக் கீழே வைத்துவிட்டு, எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று கேட்டான். கூட்டம் முழுவதும் இறங்கியது. முற்றிய இலையைப் பறித்தவர்களை விஜயலெட்சுமி ஆள் பார்க்காமல் திட்டினாள். நிமலன் கீழ் நிரையில் இருந்தபடி, பிள்ளை பிறந்தால் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தான். எல்லோருக்கும் கேட்கிறது என்று அவள் அதட்டியும் நிறுத்தவில்லை. கப்பல் காத்திருந்தது. இருட்டுவதற்குள் வேலை முடித்து எல்லோரும் அதில் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் சரிவில் கொழுந்தெடுத்துவிட்டுத்தான் நகரத்துக்குப் போவது என்று ஆகிவிட்டது. விளையாட்டை நடத்துகிறவர்கள் அடுத்து விட்ட சிறு திருத்தத்தில், யாரும் கேட்காமலே, சரிவின் குறுக்கே ஒரு கான் வெட்டிக் கொடுத்தார்கள். நிமலன் போய்ப் பார்த்து, ஆழம் போதாது என்று இன்னும் ஒரு சாண் இறக்கினான்.