சீல் மட்டும் போதும்

சக்கரத்தை மூன்று சுற்றுச் சுற்றினால்தான் படகு திரும்பவே யோசித்தது. பதினோரு வருடமாக அதை ஓட்டும் தம்பிக்கு ஒரு மாதமாகவே இதே கவலைதான். ஒவ்வொரு நடையும் முப்பது பேர் அவனை நம்பி அக்கரைக்குப் போகிறார்கள்.

மெக்கானிக் பின்பக்கப் பலகையைத் தூக்கி, சுக்கானைத் தள்ளும் சிலிண்டரைக் கழற்றினார். அடியில் எண்ணெய் கசிந்து தேங்கியிருந்தது. சிலிண்டருக்குள் போய்வரும் ராடைத் துடைத்து, துரு தின்ற பள்ளங்களை நகத்தால் தடவிக் காட்டினார்.

"எண்ணெய் கசியாம இருக்கப் புது சீல் போட்டாலும் இது கிழிச்சிடும். எப்பன்னு சொல்ல முடியாது. மொத்த ஸ்டியரிங்கையும் மாத்திடுங்க."

"மாத்திடலாம்ணே," என்றான் தம்பி, பக்கத்தில் நின்ற அண்ணனிடம்.

படகு அண்ணன் பேரில் இருந்தது. அவர் ராடைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சீல் மட்டும் போடு. ரெண்டு மாசம் ஓடினாப் போதும்."

"அப்புறம்?"

அண்ணன் போனை எடுத்துப் பார்த்தார். மெக்கானிக்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தம்பிகிட்ட சொல்லலையா? படகை விக்க ஆள் பாத்தாச்சே."

தன் பிழைப்பு கைமாறிய செய்தி தம்பிக்கு இப்படித்தான் கிடைத்தது.

ஞாயிறு காலை, வாங்குபவர் ஓட்டிப் பார்க்க வந்தார். "கேட்டா நல்லாயிருக்குன்னு சொல்லு. உன்னையும் கவனிச்சுக்கறேன்," என்றார் அண்ணன் காதோரம். கூடப்பிறந்தவனிடம் பேசுகிற பேச்சா இது என்று தம்பிக்குச் சுருக்கென்றது.

நடு ஆற்றில், கேட்காமலே அவன் சொன்னான். "ராடு போயிடுச்சுங்க. ஸ்டியரிங் மாத்தாம ஆளை ஏத்தாதீங்க."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. வந்தவரோ சிரித்தார். "எனக்கு இன்ஜின் மட்டும்தாம்பா வேணும். மத்ததை உடைச்சிடுவேன்."

கரையேறியதும் அண்ணன் சாவிக்குக் கையை நீட்டினார். "என்னை அசிங்கப்படுத்திட்டேல்ல. போதும்."

"விக்கற வரைக்கும் ஜனங்க இதுலதான போகணும்? மாத்துங்கண்ணே."

"உடைக்கப்போற படகுக்கா?"

மறுநாள் சக்கரத்தில் வேறொருவன் நின்றான். தம்பி படித்துறையில் நின்று, "ஸ்டியரிங் சரியில்ல, ஏறாதீங்க," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். அடுத்த படகுக்கு ஒரு மணி நேரம் ஆகும். தினமும் அவன் கைகொடுத்து ஏற்றிவிடும் ஒரு வயதான அம்மா அன்று கையை ஒதுக்கிக்கொண்டு ஏறினார்.

"வேலை போன வயித்தெரிச்சல்ல பேசறான்," என்றார் பக்கத்திலிருந்தவரிடம்.