முதல் சாட்சி

வெங்கடேசனை வெட்டியது பக்கத்து நிலத்து எட்வின்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எட்வினின் அம்மா ஆனந்தமேரிக்குக்கூட இல்லை. கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, பட்டப்பகல் பதினோரு மணிக்கு, கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த மனிதரைப் பின்னாலிருந்து கழுத்தில் ஒரே வெட்டு. கள்ளக்குறிச்சி கோர்ட்டில் முடிவாக வேண்டியிருந்தது வேறொன்று. தான் என்ன செய்கிறோம் என்பது அந்த நேரத்தில் எட்வினுக்குத் தெரியுமா, தெரியாதா?

வெங்கடேசனின் மனைவி செந்தமிழ்ச்செல்விதான் முதல் சாட்சி. அன்று சோற்றுத் தூக்கோடு வரப்பில் வந்தவள் அவள். வெட்டு விழுந்து சில நிமிடம்தான் ஆகியிருக்கும்.

வழக்கு விசாரணைக்கு வரவே இரண்டு வருடம் ஆனது. அதுவரை எட்வின் சென்னையில் மனநல ஆஸ்பத்திரியில் இருந்தான். விசாரணையைப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டான் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்த பிறகுதான் சம்மன் வந்தது.

சாட்சி சொல்லப் போன காலையில் டவுன் பஸ்ஸில் அவளுக்கு முன் சீட்டில் கொழுந்தனார் தனசேகரன் உட்கார்ந்திருந்தார். திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அண்ணி, வக்கீல் கேட்டா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அருவாள வாய்க்கால்ல கழுவிக்கினு இருந்தான்னு. அது போதும்.”

“நான் அப்டிப் பாக்கலியே.”

“அருவா வாய்க்கால்லதான கெடந்துச்சு?”

“கெடந்துச்சு. கழுவுனத நான் பாக்கல.”

“அதுக்கு மொத வாரம் அவனுக்கும் அண்ணனுக்கும் மடைத் தண்ணிக்கு சண்டை வந்துச்சா இல்லியா? வெட்டிட்டு ரத்தத்த கழுவினா, அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குன்னு அர்த்தமாம். அரசு வக்கீல் சொன்னாரு. பைத்தியம்னு ஆயிட்டா தண்டனையே கெடையாதாம் அண்ணி. ஆஸ்பத்திரியில கட்டில் போட்டு சோறு போடுவாங்களாம். எங்கண்ணன் உசுரு அவ்ளோதானா?”

“அவன் தூக்குல தொங்கணும்னு உங்களவிட ஜாஸ்தியா நெனைக்கிறவ நானு” என்று மட்டும் சொன்னாள் செந்தமிழ்ச்செல்வி. அது பொய்யில்லை. இரண்டு வருடமாக அந்த நினைப்போடுதான் எழுந்தாள், அதோடுதான் படுத்தாள்.

கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் நின்றவனை அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. உடம்பு ஊதி, கண் மங்கி, தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அவனை எதிரி என்றுதான் சொன்னார்கள். தன் வீட்டுக் கிணற்றில் நீச்சல் பழகியவனை எதிரி என்று கேட்பது அவளுக்கு விநோதமாக இருந்தது.

அரசு வக்கீல் வரிசையாகக் கேட்டு வந்தார். பெயர், ஊர், நிலம், மடைச் சண்டை. “ஆமாங்க, சண்டை வந்துச்சு” என்றாள். “நீங்க போனப்ப எதிரி என்ன செஞ்சுக்கிட்டிருந்தார்?”

அவள் ஒரு நொடி தனசேகரனைப் பார்த்தாள். பிறகு நீதிபதியைப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்கவில்லை.

“என் வூட்டுக்காரரு தலைய மடியில வச்சிக்கினு உக்காந்திருந்தான். வாய்க்கால் தண்ணிய கையால அள்ளி அள்ளி அவரு வாயில ஊத்திக்கினு இருந்தான்.”

“அரிவாளைக் கழுவலையா?”

“அருவா தண்ணியில கெடந்துச்சு. அவன் அத பாக்கவே இல்ல.”

“போலீஸ்ல கழுவினான்னு சொல்லியிருக்கீங்களே?”

“நான் சொல்லலீங்க. நான் அன்னிக்கு மயங்கிக் கெடந்தேன். கூட இருந்தவங்க சொன்னத எழுதியிருப்பாங்க.”

அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். எட்வினுக்காக இலவச சட்ட உதவியில் வந்திருந்த வக்கீல் மணிமொழி எழுந்தார். சின்ன வயதுப் பெண். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அவர் ஏதாவது பேசினாரா அம்மா?”

செந்தமிழ்ச்செல்வி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“பேசினான். ‘பாம்பு போயிடுச்சுண்ணா, எழுந்திரு. கழுத்த சுத்திக்கினு இருந்துச்சு, வெட்டிட்டேன், போயிடுச்சு’ன்னு சொல்லிக்கினே இருந்தான். என்னப் பாத்ததும், ‘அக்கா, அண்ணா பயந்துட்டாரு, நீ கூப்டு’ன்னான்.”

எட்வின் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தான்.

தீர்ப்பு நாலு மாதம் கழித்து வந்தது. கொன்றது எட்வின்தான், ஆனால் அந்த நேரத்தில் தன் செயல் இன்னதென்று அறியும் நிலையில் அவன் இல்லை, ஆகவே குற்றவாளி அல்ல, அவனை மனநல ஆஸ்பத்திரியில் பாதுகாப்பில் வைக்க வேண்டும். தனசேகரன் கோர்ட் வாசலிலேயே அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஊரில் சிலர் அவளைப் புண்ணியவதி என்றார்கள். அது தனசேகரனின் கோபத்தைவிட அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவள் யாரையும் மன்னிக்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். கணவருடைய கடைசி நேரத்தில் வேறு எதையோ கலந்துவிட அவளுக்கு மனம் வரவில்லை.

மூன்று வருடம் போனது. போன ஆடியில் ஆனந்தமேரி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கொலைக்குப் பிறகு அந்தத் தெருவுக்கு அவள் வந்ததே இல்லை.

“உள்ள வரல. நிண்ணுக்கினே சொல்லிட்டுப் போயிடறேன்” என்றாள். “அவனுக்கு நல்லாயிடுச்சுன்னு டாக்டருங்க சொல்றாங்க. வெளிய விடறதுக்கு மனு போட்டிருக்கு. விசாரிக்க போலீஸ்ல உன்ன கூப்புடுவாங்க. நீ வேணாம்னு சொன்னாலும் சரிதான். அதுக்கு முன்னால ஒண்ணு நீ தெரிஞ்சிக்கணும்.”

“இன்னா?”

“அது நடக்கறதுக்கு முன்னாலியே அவனுக்கு மனசு சரியில்லாததுக்கு மாத்திரை இருந்துச்சு. சேலத்து டாக்டரு குடுத்தது. பொண்ணு பாக்க ஆரம்பிச்சோம். மாத்திரை துண்றான்னு தெரிஞ்சா யாரு குடுப்பாங்க? நாந்தான் நிறுத்துனேன். ஏழு மாசம். பாம்பு பாம்புன்னு ராத்திரியெல்லாம் எழுந்தான். ஜெபம் பண்ணா சரியாப் போவும்னு இருந்தேன். கோர்ட்டுல என்ன யாரும் கேக்கல. நானும் சொல்லல.”

செந்தமிழ்ச்செல்விக்குள் ஐந்து வருடம் போக இடமில்லாமல் கிடந்த கோபம் மொத்தமும் எழுந்து எதிரே நின்ற அந்தக் கிழவியின் மேல் பாய்ந்தது. வாசலில் கிடந்த துடைப்பத்தை எடுத்துவிட்டாள். ஆனந்தமேரி நகரவில்லை, கையைக்கூடத் தூக்கவில்லை. அடி வாங்கத்தான் வந்தவள்போல நின்றாள்.

துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

“எதுக்கு இத்த எங்கிட்ட சொல்ற? அடிச்சா உனக்குத் தீந்துடுமா?”

“தீராது.”

“அவனுக்குத் தெரியுமா, நீ நிறுத்துனது?”

“தெரியும். ஒரு வார்த்தை கேக்கல. பாக்கப் போறப்பல்லாம் அண்ணனப் பத்திதான் பேசுறான். ‘ஏம்மா எனக்கு தூக்கு குடுக்கல’ங்கறான். புத்தி இல்லாதப்ப நிம்மதியா இருந்தான். இப்ப எல்லாம் தெரியுது.”

செந்தமிழ்ச்செல்வி வாசற்படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கேட்டாள்: “நீ நிறுத்துனது டாக்டருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“மொதல்ல அங்க போயி சொல்லு. எனக்கு முன்னால அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

ஆனந்தமேரி போய்ச் சொன்னாள். டாக்டரின் புது அறிக்கையில் அது இருந்தது. மாத்திரை அம்மாவின் பொறுப்பில் இருக்கக் கூடாது என்றும் இருந்தது.

விசாரணைக்குக் கூப்பிட்டபோது ஸ்டேஷனில் எஸ்.ஐ. கேட்டார்: “உங்களுக்கு ஆட்சேபணை உண்டாம்மா?”

“உண்டுங்க. அவன் எங்க ஊருக்கு வரக் கூடாது. என் கண்ணுல படக் கூடாது. அவங்கம்மா கையில மாத்திரைய குடுக்கக் கூடாது. அவன் அக்கா ஜூலியா சின்னசேலத்துல நர்ஸா இருக்குது. அது பொறுப்பு ஏத்துக்கினா வெளிய வுடுங்க.”

“அப்ப வெளிய வரலாம்கறீங்க?”

“உள்ள வச்சா என் வூட்டுக்காரரு வரப்போறாரா? வர்றதா இருந்தா வைங்க.”

எஸ்.ஐ. அதை அப்படியே எழுதலாமா என்று யோசித்தார். பிறகு எழுதினார். அவள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

எட்வின் தை மாதம் வெளியே வந்தான். சின்னசேலத்தில் ஜூலியா வீட்டில் இருக்கிறான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகிறான் என்று கேள்வி. தனசேகரன் இன்னும் பேசுவதில்லை. ஆனால் இந்த முறை கரும்பு வெட்டுக்கு ஆள் கிடைக்காமல் அவள் திண்டாடியபோது, கேட்காமலே நாலு பேரை அனுப்பிவைத்தார்.

சேலம் போக ரயிலேற அவள் இரண்டு தடவை சின்னசேலம் போயிருக்கிறாள். இரண்டு தடவையும் ஜூலியாவின் தெருவைத் தவிர்த்து, வெயிலில் சுற்றிக்கொண்டுதான் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.