ஷீன் கமரின் கோபுரங்கள்

பெண் கேட்டு வந்தவர்களை அல்லாதாத் மாலிக் உட்காரக்கூட விடவில்லை. நேராக அந்தப் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பாகிஸ்தான் பஞ்சாபில், சக்வால் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத குடும்பம் அபூர்வம். எந்த வீட்டுக் கூடத்திலும் ஒரு வாளோ பதக்கமோ தொங்கும். மாலிக் வீட்டில் தொங்கியது, விக்டோரியா மகாராணி காலத்தில் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த செதுக்குச் சித்திரம். ஈட்டியைச் சாய்த்துப் பிடித்தபடி ஓடையைத் தாண்டும் குதிரைப்படை. பின்னால் மலை, புகை.

“மூணாவது குதிரையப் பாருங்க, கான் சாகிப். எங்க கொள்ளுத்தாத்தா. வெள்ளைக்காரத் துரை கையால பதக்கம் வாங்கினவரு.”

மூன்றாவது குதிரைக்காரனுக்கு மீசையையும் தலைப்பாகையையும் தவிர முகமென்று எதுவும் கிடையாது. இருந்தாலும் அந்த வீட்டில் பிறந்தவர்கள் எல்லோரும் அதில் தங்கள் மூக்கைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மாப்பிள்ளையின் தகப்பனார் ஸரீன் கான் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் விரல் குதிரைகளைத் தாண்டிப் புகைக்குப் போனது.

“இத்பார், கீழ என்னமோ எழுதியிருக்கே. படி.”

பெஷாவர் ஆஸ்பத்திரியில் மாலிக்கின் மகள் மெஹ்விஷோடு வேலை பார்க்கும் டாக்டர், மாப்பிள்ளை இத்பார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். “வேண்டாம் பாபா.”

“படிடா.”

“ஷீன் கமர் கிராமத்தைத் தண்டிக்கும் குதிரைப்படை.”

“எங்க ஊரு,” என்றார் கான். குரலில் கோபம் இல்லை.

அந்த வரியை மாலிக் எத்தனையோ முறை படித்துக் காட்டியிருக்கிறார். அது ஓர் ஊர், அதில் ஆட்கள் இருந்தார்கள் என்று ஒரு தடவையும் தோன்றியதில்லை. காலையில் மெஹ்விஷ், “இன்னிக்கு மட்டும் அந்தப் படத்தை எடுத்துடுங்க அப்பா” என்று கெஞ்சினாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நாம் யாரென்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்று அதட்டினார்.

அவர் மனைவி ஸகீனா தேநீரும் எள்ளு ரேவடி மிட்டாயுமாக உள்ளே வந்தாள். “தாத்தா புராணம் ஆரம்பிச்சாச்சா? இந்த மனுஷன் வந்தவங்களுக்குச் சூடா ஒரு டீ குடுக்க விடமாட்டாரு” என்று சிரித்தாள். யாரும் சிரிக்காததைப் பார்த்துத் தட்டை வைத்துவிட்டு நின்றாள்.

“அந்தக் காலத்துல... மேலேருந்து உத்தரவு வந்தா...” என்றார் மாலிக்.

“உத்தரவுதான். எங்க தாத்தா அப்ப கைக்குழந்தை. வீடெல்லாம் எரிஞ்சுபோயி அந்தக் குளிர்காலம் பூரா குகையில கெடந்தாங்களாம். அவரோட அண்ணனுங்க குகையிலயே செத்துப்போயிட்டாங்க.”

மாலிக்கின் காது மடல்கள் கொதித்தன. மகள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தன்னையே பார்ப்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினார்.

“மன்னிச்சிடுங்க, கான் சாகிப். உள்ள வெச்சிடறேன்.”

“இருங்க, இருங்க.” கான் அவசரமாகக் கையை நீட்டினார். “ஊர்ல கல்கோபுரங்க இருந்துச்சுன்னு தாத்தா சொல்வாரு. நாங்க கதை விடறாருன்னு கேலி பண்ணுவோம். இந்தப் புகைக்குள்ள இருக்கே, பாருங்க. எங்ககிட்ட அந்த ஊரோட படம் ஒண்ணுகூட இல்ல. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?”

கூடத்தில் படத்தின் கண்ணாடி மினுங்கியதால் போட்டோ சரியாக வரவில்லை. முற்றத்துக்குப் போனார்கள். மாலிக் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். கான் கைபேசியை ஏந்தி முன்னும் பின்னும் நகர்ந்தார்.

“கொஞ்சம் மேல தூக்குங்க மாலிக் சாகிப். புகை சரியா தெரியல.”

மாலிக் தூக்கினார். சட்டம் அவர் முகத்தை மறைத்தது. கை கடுக்கத் தொடங்கிய பிறகும் அவர் அதைக் கீழே இறக்கவில்லை.